ஏழு நாள் நின்ற கப்பல்

ஞாயிறு காலை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தை விசாரித்து நாலு வரி எழுதக்கூடப் பொறுமை இல்லாமல் கை பரபரக்கிறது. நேற்றுக் கருத்தரங்கில் என் கட்டுரையை வாசித்துவிட்டேன்!

"இப்போதைக்கு வாசிக்காதே" என்று நீங்கள் எழுதிய கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. தபால் தாமதம் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. தூதரகத்தில் உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. சுதந்திரப் பொன்விழா மலரில் வெளியுறவைப் பற்றிய அத்தியாயம் உங்களுடையது. சுதந்திரம் வந்த மூன்றாம் வருடம், விடுதலை கேட்ட ஒரு சிறிய நாட்டின் மீது நடந்த போரை எதிர்த்து நாம் உலக சபையில் வாக்களித்தோமே, அது முதல் வெளியுறவு அமைச்சர் தனியாக எடுத்த முடிவு என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். கட்டிய மனைவியே மேடையேறி வேறு மாதிரி பேசினால் மேலதிகாரி முகத்தில் எப்படி விழிப்பது என்ற உங்கள் கவலை நியாயமானதுதான்.

ஆனால் நேற்றுக் காலையில் எனக்கு முன்னால் பேசியவர்களைக் கேட்டிருந்தால் நீங்களே என்னை மேடைக்குத் தள்ளியிருப்பீர்கள். நம்மைப் பற்றித் தலையணை கனத்தில் புத்தகம் எழுதிய அந்த வெளிநாட்டுப் பேராசிரியர், சின்ன நாடுகள் எல்லாம், பெரிய நாடுகள் தள்ளிய பக்கம் சாய்பவைதான் என்றார். நம் பல்கலைக்கழகத் துறைத்தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாம் ஒரு மாமனிதரின் மூளை என்று மேசையைத் தட்டினார். ஒருவருக்கு நாம் பொம்மை, இன்னொருவருக்கு அமைச்சரைத் தவிர நாட்டில் வேறு ஆளே இல்லை. எனக்கு உட்காரவே முடியவில்லை.

என் முறை வந்து மேடைக்குப் போகும்போது நம் பெண், "அம்மா, உன் செருப்பு ரெண்டும் வேற வேற!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் பயம் ஓடிப்போனது.

துறைமுக அலுவலகத்தின் பழைய கப்பல் பதிவேட்டைத் திரையில் காட்டினேன். அந்தப் போருக்கு ஆயுதம் கொண்டுபோகும் கப்பல் நம் துறைமுகத்தில் நிற்கிறது. நான்காம் தேதி: "சரக்கு ஏற்றப்படவில்லை. ஆட்கள் மறுப்பு." ஐந்தாம் தேதி அதே வரி. பத்தாம் தேதி வரை, ஏழு நாளும் அதே வரி, அதே கையெழுத்து. பதினோராம் தேதிதான், போரை எதிர்த்து வாக்களிக்கச் சொல்லி உலக சபையில் இருந்த நம் பிரதிநிதிக்கு அமைச்சர் தந்தி அடிக்கிறார். தந்தியின் வரைவில் அவர் கைப்பட எழுதிய குறிப்பையும் காட்டினேன்: "துறைமுகம் ஏற்கெனவே வாக்களித்துவிட்டது. நாம் அதைப் பின்தொடர்வோம்."

அமைச்சரை நான் சிறுமைப்படுத்தவில்லை. காது கொடுத்துக் கேட்டார், அதுதான் அவர் பெருமை என்றேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அந்தக் காலத்தில் கிரேன் ஓட்டியவர், 'சங்கிலி' என்றால் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியுமாம். நான்தான் அழைத்திருந்தேன், வருவார் என்று நம்பவில்லை. மைக் வேண்டாம் என்று கையசைத்துவிட்டுச் சொன்னார்: "உலக அரசியலெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா. பெட்டிக்குள்ள துப்பாக்கின்னு தெரிஞ்சுது. யாரைச் சுடன்னு கேட்டோம். நம்மள மாதிரியே விடுதலை கேக்குறவங்களைன்னாங்க. தூக்குன பெட்டியை அப்படியே கீழ வெச்சுட்டேன்."

உடனே எழுந்த கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. அந்தப் பேராசிரியர் என்னிடம் வந்து, தன் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டும், பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். சங்கிலி ஐயாவிடம் போய் நெடுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். அமைச்சகத்திலிருந்து மலர்க்குழு அதிகாரி வந்திருந்தார். தேநீர் இடைவேளையில், "உங்க வீட்டுக்காரர் எழுதினது வேற மாதிரி இருக்கே, மேடம்?" என்றார். "அவருக்கு இந்தப் பதிவேடு கிடைக்கலை சார். கிடைச்சிருந்தா அவரும் இதைத்தான் எழுதியிருப்பார்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது, திருத்தி அனுப்பினால் வாங்கிக்கொள்வோம் என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்பே அந்தப் பதிவேட்டின் நகலை உங்களுக்கு அனுப்பியிருந்தேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன்.

என்னோடு ஆராய்ச்சி அறையில் எதிர் மேசையில் உட்கார்ந்து, ஒரு தேதி தப்பாக இருந்தால் சாப்பிடக்கூட எழுந்திருக்காத மனிதரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் சார்பில்தான் அந்த அதிகாரிக்குப் பதில் சொன்னேன். நான் சொன்னதை உண்மையாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. முடியாது என்றால் அதையும் எழுதுங்கள். கோபமாகவாவது எழுதுங்கள். பதிலே போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் பக்கத்திலிருக்கும்,
உங்கள் மனைவி