மோரிப் கடற்கரையில் குடும்ப தினம்

கவித்ராவின் அப்பாவுக்கு,

நீங்கள் மன்னிப்புக் கேட்டு அனுப்பியதை எல்லாம் படித்தேன். என் மனம் மாறவில்லை.

சனிக்கிழமை ஜொகூரில் அவுட்ஸ்டேஷன் வேலை என்று கிளம்பினீர்கள். அன்று உங்கள் கம்பெனியின் குடும்ப தினம் என்று உங்களோடு வேலை செய்யும் கமலநாதனின் மனைவி ரகசியமாகச் சொல்லித்தான், மகளோடு மோரிப் கடற்கரைக்கு வந்தேன்.

அங்கே தம்பதிகள் போட்டியில், யாரோ ஒரு பெண்ணின் காலோடு உங்கள் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடினீர்கள்.

"அம்மா, அப்பா ஜொகூர்லதானே இருக்காரு?" என்று கேட்டாள் மகள். அவளுக்கு ஒன்பது வயது. அந்தக் கேள்விக்காகத்தான் அறிவிப்பாளரிடமிருந்து மைக்கை வாங்கினேன்.

"நான்தான் அவரோட வைஃப். பதினோரு வருஷமா லா!"

கால்கட்டை அவிழ்க்க முடியாமல் நீங்கள் மணலில் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அது போதவில்லை.

நேற்று கிள்ளானில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், உங்கள் துணிமணிகளை வாசலில் இறக்கினேன். "மன்னிச்சிருங்க அக்கா" என்று அழுதாள்.

"இனிமே அவரு அவுட்ஸ்டேஷன் போறேன்னு சொன்னா, எங்க போறாருன்னு நீங்கதான் தேடணும்" என்றேன்.

அவள் அழுகை சட்டென்று நின்றது; முகத்தில் சந்தேகம் வந்தது. அந்த முகத்தை இனி நீங்கள் தினமும் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உங்களுக்கு இனி கதவு திறக்காதவள்