கழுத்து சிவந்த வண்டு

1956 நவம்பர் 9, வெள்ளி

சாண வண்டைப் பற்றிய கட்டுரை இன்று முடிந்திருக்க வேண்டும். மிளகை விடச் சிறியது. தலையில் வளைந்த ஒற்றைக் கொம்பு, கழுத்து மட்டும் சிவப்பு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம் என்று தெரிந்ததிலிருந்து கல்லூரியில் பாடம் நடத்தக்கூட மனம் ஓடவில்லை.

கண்டெடுத்தவள் என் மனைவி மீனாட்சி. வாசல் தெளிக்கச் சாணம் கரைத்தபோது வாளியில் மிதந்ததாம். நான் கறம்பக்குடிக்குப் போயிருந்ததால் கழுவி எடுத்து வைத்திருந்தாள்.

மாலையில் கடைசியாக ஒருமுறை லென்ஸில் பார்க்கலாமென்று வண்டை ஸ்பிரிட்டில் அலசினேன். ஸ்பிரிட் சிவந்தது. கழுத்து கறுத்தது. மீனாட்சியைக் கூப்பிட்டேன்.

“நான் வர்ற வரைக்கும் இத எதுல போட்டு வச்சிருந்தே?”

“என் பழைய குங்குமச் சிமிழ்லதான். மூடி இறுக்கமா இருக்கறது அது ஒண்ணுதானே. ஏங்க?”

“சும்மா கேட்டேன்.”

கொம்பு அப்படியேதான் இருக்கிறது, இனம் புதியதுதான். ஆனால் சிவப்பையும் எழுதி அனுப்பியிருந்தால் படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

அவளோ பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “கழுத்து செவந்த வண்டு, அக்கா. ஒலகத்துலயே எங்க வாளியிலதான் கெடச்சிருக்கு.” உள்ளே வந்ததும் என்னிடம், “அந்தச் செவப்ப எழுதிட்டீங்களா?” என்றாள்.

எழுதிவிட்டேன் என்றேன்.

அவள் தூங்கியபின் கட்டுரையில் சிவப்பு என்ற வரியை அடித்து நீக்கினேன். அவளிடம் சொன்னது பொய்யாக வேண்டாம். இந்த நாட்குறிப்பில் எழுதி வைக்கிறேன்: கழுத்து சிவப்பு.