கூடையில் மஞ்சள் காளான்

செப்டம்பர் 6
மூன்று நாள் மழைக்குப் பிறகு இன்றுதான் வெயில். விடிந்ததுமே அவர் கூடையும் கத்தியுமாகக் காட்டுக்குக் கிளம்பிவிட்டார். கல்யாணமான முப்பத்தொரு வருடமாக அந்தக் கூடைதான் எனக்குச் சக்களத்தி. பத்து மணிக்குக் கூடை நிறைய மஞ்சள் காளானோடு வந்தார். வழக்கம்போல ஒன்றைக் கிழித்து முகர்ந்துவிட்டு என் மூக்கருகே நீட்டினார். பழுத்த பழ வாசனை. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் காளான் வாணலிக்குப் போகும். எண்ணெய் விடாமல் வதக்கி, அது விட்ட தண்ணீர் சுண்டியபின் வெண்ணெய், பூண்டு, உப்பு. வேறு எதையாவது போட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும் அவருக்கு.

செப்டம்பர் 9
இன்று எதையும் என் மூக்கருகே நீட்டவில்லை. துணியால் துடைக்கும்போது ஐந்தாறு காளான் கைக்கு வேறு மாதிரி பட்டது. நல்ல காளானின் குடைக்கு அடியில் தடித்த மடிப்புகள் காம்புவரை ஓடும். இவற்றில் தாள்தாளாகத் தனித்தனித் தகடுகள். கிழித்துப் பார்த்தேன். உள்ளே வெளுப்பாக இல்லை, மஞ்சள். பட்ட மரத்தடியில் கொத்தாக முளைக்கிற நச்சுக் காளான். தின்றால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கும். எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். அவரா இதை வெட்டினார்?

எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பர் 10
மகளுக்கு ஃபோன் செய்தேன். அப்பாவைக் காட்டுக்கு விடாதே, டாக்டரிடம் கூட்டிப் போ என்கிறாள். போன மாதம் மாப்பிள்ளையின் பெயரை அவர் மறந்தபோது, பிடிக்காத பெயர் எப்படி ஞாபகம் இருக்கும் என்று கேலி செய்தவள் நான்தான்.

செப்டம்பர் 14
இன்று பாதிக்குப் பாதி கெட்டது. கடைக்குப் போய்ச் சிப்பிக் காளான் வாங்கி, கிழித்து வதக்கி வைத்தேன். ஏமாற்றத்தான் வைத்தேன். ஆனால் கண்டுபிடித்துத் திட்டுவார் என்றுதான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். முதல் வாயிலேயே துப்பியிருக்க வேண்டிய மனுஷன்.

"இந்த வருஷம் நல்ல மணம்," என்றார்.

அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 15
நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 16
சொல்லவில்லை.

செப்டம்பர் 19
நான் குளித்துவிட்டு வருவதற்குள் இன்றைய காளானை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பேருந்து ஓட்டுநர் வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள். ஈரத் தலையோடு ஓடினேன். ஓட்டுநரின் மனைவி வாணலியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். தட்டைப் பிடுங்கினேன். அண்ணன் கொடுத்ததுதானே அக்கா, எப்போதும் சாப்பிடுவதுதானே என்றாள்.

"வேண்டாம்மா. அவருக்கு இப்பல்லாம் எது நல்லது, எது கெட்டதுன்னு தெரியறதில்லை."

சொல்லிவிட்டுத் திரும்பினால், காலிக் கூடையை வாங்கிப் போக வந்த அவர் வாசலில் நிற்கிறார்.

பாவி நான்! வீட்டுல ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருக்க வேண்டியதை, அடுத்தவங்க அடுப்படியில நின்னு சொன்னேனே — அன்னிக்கே ஏன் வாயைத் திறக்கலை?

திரும்பி வரும்போது, "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"பத்து நாளா."

"அப்ப நான் சாப்பிட்டது?"

"கடையில வாங்கினதுங்க."



செப்டம்பர் 23
டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். வயதுக்கு மிஞ்சிய மறதி, இனி கூடத்தான் செய்யும் என்றார். வெளியே வந்ததும் அவர் என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அக்டோபர் 2
காட்டுக்குப் போகலாமா, நானும் கூட வருகிறேன் என்றேன். கால் வலிக்கிறது என்றார். அவருக்குக் கால்வலி வந்து நான் பார்த்ததே இல்லை.

அக்டோபர் 11
காலையில் ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். வந்து பார்த்தால் தட்டு அப்படியே இருக்கிறது. எனக்காகக் காத்திருக்கிறார். நான் உட்கார்ந்ததும் ரொட்டித் துண்டைத் தூக்கிக் காட்டி, "இது நல்லதுதானா?" என்றார்.

நல்லதுதான் என்றேன். நம்பவில்லை போலிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பிட்டு நான் தின்று காட்டினேன். அதற்குப் பிறகு சாப்பிட்டார்.