மலேசியாவில் மணி என்ன

செஞ்சி
25.8.2024, ஞாயிறு

அனுவின் நைனாவுக்கு அன்புக்கரசி எழுதிக்கொள்வது.

எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கோயம்புத்தூரில் மழை என்று பேப்பரில் பார்த்தேன். ஜெயிலில் தரை ஜில்லென்று இருக்கும். போர்வையைப் போர்த்திக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, மடித்துக் கீழே போட்டுப் படுங்கள்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமுன் அங்கே யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். போனில் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் சொல்லக்கூடியது இல்லை இது.

ஹைகோர்ட்டில் அப்பீல் தள்ளுபடியானது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆயுள் தண்டனை அப்படியே இருக்கிறதாம். வக்கீல் எனக்குப் போன் பண்ணவில்லை. எனக்கு அது தெரிந்தது அனு மூலமாகத்தான்.

நீங்கள் பதற வேண்டாம். பதறி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

திருப்பூரை விட்டு இங்கே வந்தபோது எனக்கு இந்த ஊரில் தெரிந்தது சின்னப்பொண்ணு ஒருத்திதான். கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் தைத்தவள், இங்கே பக்கத்துச் சிங்கவரத்துக்காரி. அரக்கோணம் பக்கம் நம் ஊருக்கே போயிருக்கலாம். ஆனால் அந்தச் சண்டையில் செத்துப்போன கோவிந்தசாமியின் வீடு நம் வீட்டுக்கு மூன்றாவது வீடு. அவன் அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? யாருக்கும் நம்மைத் தெரியாத ஊராக இருந்தால் போதும் என்றுதான் செஞ்சிக்கு வந்தேன். யூனிபார்ம் தைக்கிற கடையில் வேலையும், ஆதிமூலம் சார் வீட்டு மாடியில் ஒரு ரூமும் சின்னப்பொண்ணு பார்த்துக் கொடுத்தாள். ஆதிமூலம் சார் மின்வாரியத்தில் இருக்கிறார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். அனுவிடம் என்ன சொல்லி வைத்திருந்தோமோ அதையே சொன்னேன். மலேசியாவில் இருக்கிறார், பாமாயில் கம்பெனியில் வேலை.

பள்ளிக்கூடம் விட்டு நான் கடையில் இருந்து வரும்வரை அனு தனியாக இருக்க வேண்டும். பூட்டின ரூமில் பன்னிரண்டு வயசுப் பெண்ணை எப்படி விடுவது? அப்போதுதான் கிளை நூலகம் கண்ணில் பட்டது. நான் தைக்கிற கடைக்கு இரண்டு தெரு தள்ளி. முதல் நாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு இரண்டு பேரும் உள்ளே போகப் பயந்து நின்றோம். காசு கேட்பார்களோ, சாதி கேட்பார்களோ, நைனா பெயர் கேட்பார்களோ என்று எனக்கு. நூலகர் கலியபெருமாள் சார் நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மா நிக்கிற, வந்து உக்காருங்க, ஃபேன் ஓடுது" என்றார். இந்த ஊருக்கு வந்து எட்டு நாளில் எங்களை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

உட்கார்ந்து படிக்க யார் கையெழுத்தும் வேண்டாம். வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகத்தான் உள்ளூரில் கவர்மெண்டு வேலையில் இருக்கிற ஒருவர் எனக்கு இவர்களைத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஆதிமூலம் சாரிடம் நூலகத்து ஃபாரத்தை நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். தகப்பனார் பெயர் விமல்ராஜ் என்று நான் எழுதியிருந்ததை விரலால் தொட்டு, நல்ல பேரு என்றார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அனு கார்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

அப்புறம் தினமும் அங்கேதான். வெள்ளிக்கிழமை நூலகம் லீவு என்றால் அவள் முகமே தொங்கிப்போகும். குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் நாலைந்து பேர் அவளுக்கு அக்காக்கள் ஆனார்கள். பென்சில் சீவிக் கொடுப்பாள், கேள்வி கேட்பாள். நான் சந்தோஷப்பட்டேன். நாமாக உண்டாக்கிய பொய்யை அந்த அலமாரிகள் பிரித்துப் போடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் முதலில் தேடிய புத்தகமே மலேசியாவைப் பற்றித்தான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஜூன் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் பண்ணியபோது, "நைனா, அங்க இப்ப மணி என்ன?" என்று கேட்டாள். நீங்கள் பதினொன்றரை என்றீர்கள். எங்கள் சுவரிலும் பதினொன்றரைதான். அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மலேசியாவில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுமாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு மாசம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நைனா எப்போது வருவார் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். பெரிய பெண்ணாகிறாள், அதனால்தான் என்று நினைத்தேன்.

போன புதன்கிழமை கடையில் இருந்து அவளைக் கூட்டிவரப் போனேன். நூலகத்தில் பேப்பர் படிக்கிற மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அனு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு பேப்பரை மடித்துக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். ஆதிமூலம் சார் தினம் அந்த நேரத்துக்கு அந்தப் பேப்பரைப் படிக்க வருகிறவர். முதலில் சிரித்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறார். "ஏம்மா அனு, எழுந்துரு, நான் பாத்துட்டுத் தரேன்" என்று. அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் போய் அவள் கையைப் பிடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து, "வாணாம்மா" என்றாள். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை. பெரியவர் கேட்கிறாரே என்று அதட்டினேன். நானேதான் அவளைக் கையைப் பிடித்து எழுப்பினேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பேப்பரை எடுத்து ஆதிமூலம் சார் கையில் கொடுத்ததும் நான்தான்.

பனியன் தொழிலாளி கொலை வழக்கில் ஆயுள் உறுதி என்று தலைப்பு. பக்கத்தில் போலீஸ்காரர்களுக்கு நடுவில் நீங்கள். கட்டம் போட்ட சட்டை, அனு பிறந்தநாளுக்கு எடுத்தது. கீழே உங்கள் பெயர்.

ஆதிமூலம் சார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். நேராகக் கலியபெருமாள் சாரின் மேஜைக்குப் போய், தன் கையெழுத்தை அடித்துவிட வேண்டும், ஃபாரத்தை எடுங்கள் என்றார். எடுத்ததும் பேனாவால் இரண்டு கோடு போட்டார். எங்களைத் தாண்டிப் போகும்போது, "பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டியேம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மைதானே. வீட்டையும் இந்த மாசத்தோடு காலி பண்ணச் சொல்லிவிட்டார். அவருக்கும் கல்யாண வயசில் பெண் இருக்கிறாள்.

கலியபெருமாள் சார் எங்களோடு வாசல்வரை வந்தார். வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் கையெழுத்து, இங்கே உட்கார்ந்து படிக்க ஒன்றும் தேவையில்லை, நாளைக்கே பாப்பாவை அனுப்புங்கள் என்றார். நல்ல மனுஷர். ஆனால் அனு போகவில்லை. வீட்டில் இருந்த இரண்டு புத்தகத்தையும் என்னிடமே கொடுத்துத் திருப்பித் தரச் சொன்னாள். நான் போனபோது அந்த அக்காக்கள் யாரும் தலை நிமிரவில்லை. பள்ளிக்கூடத்திலும் தெரிந்துவிட்டது. இடைவேளையில் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம்.

இனி எங்கே போவது என்று தெரியவில்லை. திண்டிவனத்தில் ஒரு தையல் கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று சின்னப்பொண்ணு சொல்கிறாள். போனால் அங்கேயும் வீட்டுக்காரர் எங்கே என்று ஒருவர் கேட்பார். என்ன சொல்வேன்? பொய் சொன்னால் இது மாதிரி ஒரு நாள் வரும். உண்மையைச் சொன்னால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நம்பிக்கையாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று காலையில் இருந்து பார்க்கிறேன், வரவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். போகச் சொன்னால் போகிறேன். ஆனால் அதற்காக ஒவ்வொரு மாசமாக எண்ணிக் காத்திருக்க என்னால் இனி ஆகாது.

அனு அழவே இல்லை. வெள்ளிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, "நைனா செஞ்சாரா?" என்று கேட்டாள்.

சண்டை நடந்தது, இரண்டு பேரும் குடித்திருந்தீர்கள், இரும்புக் குழாய் அங்கே கிடந்தது, அவ்வளவுதான் வக்கீல் எனக்குச் சொன்னது. மூன்று வருஷமாக மனுப் போட்டு உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்டேனே தவிர, இதை ஒரு நாளும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. கேட்டுவிட்டால் நான் வருவதை நிறுத்திவிடுவேனோ என்று எனக்கே பயம். அவளிடம் எனக்குத் தெரியாது என்றேன். "உனக்குமா தெரியாது?" என்று கேட்டுவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

அதனால் நீங்கள் அவளுக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம். செய்தேன் என்றால் செய்தேன் என்று எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். கோர்ட்டுக்குச் சொன்னது மாதிரி வேண்டாம், என்னைச் சமாதானப்படுத்துவது மாதிரியும் வேண்டாம். எதுவாக இருந்தாலும் பொய்யாக மட்டும் இருக்கக்கூடாது. அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவள் அதைப் பிரித்துப் படிப்பாளா, கிழித்துப் போடுவாளா என்று என்னால் சொல்ல முடியாது. எழுத வேண்டியது உங்கள் கடமை.

நாங்கள் எங்கே இருப்போம் என்று தெரியாததால் சிங்கவரம் சின்னப்பொண்ணு வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள். எழுதும்போது உங்களுக்குத் தைரியம் கொடுக்கச் சொல்லி அந்த ஊர் மலைமேல் படுத்திருக்கிற அரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். வேறு எதையும் இப்போது அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

கவரின் மேல் அனுவின் பெயரை எழுதுங்கள். என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
அன்புக்கரசி