நூற்றெண்பதாம் எண் ஜெட்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு வாடகை வண்டிகளுக்குச் சங்கிலி மாற்றினேன். மதியம் தங்கை மணல்மேட்டிலிருந்து வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கத்தினாள்: “அக்கா, இந்த வண்டில இப்படி ஒரு இழுப்பு இருந்ததே இல்ல!”

ஆறு வருடமாக அவளுடைய பந்தய ஏடிவிக்கு இன்ஜின் கட்டுவது நான். டூ ஸ்ட்ரோக் இன்ஜின், மணலில் ஓடும் நாலு சக்கரம், பந்தயத்தில் வாங்கிய இரண்டு கோப்பை. ஒரு நாளும் அவள் இப்படிக் கத்தியதில்லை. இன்று கத்தினாள் — மூன்று வாரம் முன்பு சித்தப்பா தன் பட்டறைக்கு வேலைக்குக் கூட்டிவந்த படகுக்காரருக்காக. மனிதர் இதற்கு முன் படகு இன்ஜின் பார்த்தவர். தண்ணீரில் ஓடுவதைப் பார்த்த கைக்கு மணலில் என்ன வேலை?

அவரை “அண்ணா” என்கிறாள். மூன்றே வாரத்தில் அண்ணன்!

மார்ச் 5, வியாழன்

சைலன்சரை வெட்டி, நீளத்தைக் குறைத்து, மறுபடி பற்றவைத்தார். ஒரு சுற்றுக்கு இரண்டு நொடி குறைந்திருக்கிறது. நல்லதுதானே? நல்லதுதான். எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 8, ஞாயிறு

சாப்பாட்டு மேசையிலும் அவர்தான். அவர் வரவில்லை, அவர் பேச்சு வந்தது. தங்கை தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாள். அம்மாவுக்கு பிஸ்டனும் தெரியாது, பிளக்கும் தெரியாது. அவள்கூட, “நல்ல கைராசிக்காரரு போல” என்றாள். ஆறு வருடம் என் நகக்கண்ணில் கரி பார்த்தவள், ஒரு நாள் என் கைராசியைப் பற்றிப் பேசியிருக்கிறாளா?

தட்டைக் கழுவும்போது ஒரு தம்ளர் உடைந்தது. கை தவறிவிட்டது என்றேன்.

மார்ச் 11, புதன்

இன்று கார்புரேட்டரைப் பிரித்தார். உள்ளே பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட் இருக்கும். எண் ஏற ஏற ஓட்டை பெரிது. நான் போட்டிருந்தது 170. அதைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, 160 போட்டார்.

“உங்க செட்டிங்ல பெட்ரோல் கொஞ்சம் ஜாஸ்தி அக்கா. கம்பெனிக் கணக்குப்படி இந்த இன்ஜினுக்கு இதுவே போதும்.”

பணிவாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல். திமிராகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

“அக்கா எப்பவுமே தாராளம்” என்று தங்கை சிரித்தாள். இருவரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

மூன்று நிமிடம் ஓட்டிப் பார்த்தாள். பறந்தது. பெட்ரோல் குறைந்தால் டூ ஸ்ட்ரோக் துள்ளத்தான் செய்யும், சூடு ஏறும்வரை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். பொறாமையில் சொல்கிறேன் என்பார்கள். சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

செய்துவிட்டேன். எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் செய்யவில்லை என்று நானே நம்பத் தொடங்கிவிடுவேன்.

மதியம் எல்லோரும் டீ குடிக்கப் போனபோது அவர் ஜெட்டைக் கழற்றி 180 போட்டேன். என்னுடைய 170-ஐயும் தாண்டி. ஏழு நிமிட வேலை. நாளைக்குப் பந்தயம். நேர்பாதையில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் பெட்ரோல் மூச்சை அடைக்கும், வண்டி திக்கும், நாலாவதோ ஐந்தாவதோ வருவாள். யாருக்கும் அடிபடாது. அப்புறம் “அக்கா, நீயே பாரு” என்று வருவாள்.

அதற்குத்தானா இவ்வளவும்? ஆமாம். அதற்குத்தான்.

மார்ச் 15, ஞாயிறு

முதலிடம்.

இருபது சுற்று. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சித்தப்பா என்னிடம், “ஏன் முகம் இப்படித் தொங்குது? தங்கச்சி ஜெயிச்சிருக்கா” என்றார். வெயில் என்றேன்.

ஜெயித்தது என் ஜெட்! என் திருட்டு ஜெட். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

மார்ச் 16, திங்கள்

ஏன் திக்கவில்லை?

பிளக்கைக் கழற்றினேன். அவ்வளவு பெட்ரோலுக்கு அது கரியாகக் கறுத்திருக்க வேண்டும். நல்ல பழுப்பாக இருக்கிறது. அப்படியென்றால் அவ்வளவு பெட்ரோலையும் எரிக்கிற அளவுக்குக் காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே வருகிறது. இன்ஜின் எங்கோ ஒழுகுகிறது.

அவருடைய 160-ஓடு போயிருந்தால்? மூன்று நிமிடச் சோதனைக்குத் தாங்கியது, இருபது சுற்றுக்குத் தாங்காது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலும் குறைந்து, பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். நேர்பாதையில், முழு வேகத்தில், பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும். பின்னால் பதினொரு வண்டி.

பிளக்கை மறுபடி முடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

ஒழுகுகிறது என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பார்கள். 180-க்குத் திக்கவில்லை என்றால், 180 யார் போட்டது என்பார்கள். எல்லாக் கதவும் ஒரே அறைக்குத்தான் போகிறது.

அடுத்த பந்தயம் 29. அதுவரை வண்டி சும்மாதான் நிற்கும். அதற்குள் நானே திருட்டுத்தனமாகச் சரி செய்துவிடலாம். இதைத்தான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதுகிறேன்: நான் வாயைத் திறந்தால் எல்லோரும் முதலில் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். அதை என்னால் தாங்க முடியாது. எவ்வளவு கேவலம் பார்.

மார்ச் 20, வெள்ளி

காலையில் நான் பட்டறைக்குப் போனபோது வண்டி இல்லை. படகுக்காரர் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

“பயிற்சிக்கு எடுத்துட்டுப் போயிருக்கா. கார்புரேட்டரை சுத்தம் பண்ணேன் அக்கா. உள்ள 180 இருந்துச்சு. நான் 160 போட்டதாத்தான் ஞாபகம்... தப்பா எடுத்துட்டேன் போல. நல்லவேளை, மாத்திட்டேன்.”

தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். அந்த ஒழுக்கோடு 160!

சித்தப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். மணல்மேட்டை அடைந்தபோது அவள் மூன்றாவது சுற்றில் இருந்தாள். பாதைக்குக் குறுக்கே போய் நின்று கையை வீசினேன். திட்டிக்கொண்டே நிறுத்தினாள். நான் கை நீட்டி இன்ஜினை அணைத்தேன். சிலிண்டர் பக்கம் கையே வைக்க முடியவில்லை.

“என்னடி ஆச்சு உனக்கு? பைத்தியமா?”

சொன்னேன். அங்கேயே, மணலில் நின்றபடி, எல்லாவற்றையும்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினாள். பிறகு, “நான் தோக்கணும்னு நெனச்சியா?” என்றாள். உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. இதைக் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

மாலையில் பட்டறையில் இன்ஜினுக்குள் பம்பால் காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீர் பூசினோம். மேக்னெட்டுக்குப் பின்னால், அச்சைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் ஓரத்தில் நுரை கொப்பளித்தது. படகுக்காரர் சீலை எடுத்து நகத்தால் தடவினார். அதன் ரப்பர் விளிம்பில் ஒரு கீறல்.

அந்த சீலைப் போட்டது நான். போன வருடம். அச்சில் மேக்னெட்டைப் பூட்டும் சாவித் துண்டு உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கத்தி போல இருக்கும்; அதன் மேல் டேப் சுற்றிவிட்டுத்தான் சீலைத் தள்ள வேண்டும். அன்று டேப் தீர்ந்திருந்தது. பரவாயில்லை என்று தள்ளினேன். அதன் பிறகுதான் வண்டி 170 கேட்டது. என் காது நல்ல காது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருடமாக என் தப்பை நானே பெட்ரோல் ஊற்றி மூடியிருக்கிறேன்.

இதையும் சொன்னேன். அவர் கணக்கு சரி. என் சீல்தான் பொய்.

படகுக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “காத்து அடைச்சுப் பாத்திருக்கணும், நானும் பாக்கல” என்றார். அவரை வெறுக்க ஒரு காரணமாவது கொடுக்கக் கூடாதா இந்த மனிதர்?

மார்ச் 24, செவ்வாய்

வீட்டில் தங்கைக்கு என்னோடு பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகக் கேட்கிறாள். “ரெண்டு பேருக்கும் என்னதான்டி?” என்கிறாள் அம்மா. தங்கை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாளா, சொல்ல வெட்கமா?

மார்ச் 29, ஞாயிறு

பந்தயத் திடலுக்குள் போக வண்டிக்கு ஒரு மெக்கானிக்குக்குத்தான் அனுமதி. படிவத்தில் அவர் பெயரை எழுதியிருந்தாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக நான் கம்பி வேலிக்கு வெளியே, ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்களோடு நின்றேன்.

இரண்டு ஓட்டம். முதலாவதில் ஏழாவது. புது சீல், அவருடைய 160, மேல்வேகத்தில் அருமையாக இழுத்தது. ஆனால் ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியே வரும்போது அரை நொடி திணறியது. சீல் ஒழுகிய காலத்தில் நான் இறுக்கி வைத்த கார்புரேட்டர் காற்றுத் திருகு இன்னும் அப்படியே இருக்கிறது. ஒழுக்கு நின்றதும் கீழ்வேகத்தில் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. எனக்கு வேலிக்கு வெளியிலிருந்தே கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை, சைலன்சரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசாமல் இருந்திருக்கலாம். நான் சொல்லி அவள் ஜெயித்தால் மறுபடி அவர் தோளில்தான் தட்டுவாள். அதை நினைத்ததும் நெஞ்சு காந்தியது. இன்னமும்!

வேலிக் கம்பியைத் தட்டி அவரைக் கூப்பிட்டேன். “காத்துத் திருகை அரைச் சுத்து வெளிய எடுங்க. அது என் பழைய செட்டிங்.”

ஓடிப்போய்த் திருகினார். தங்கை ஏதோ கேட்டாள். அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

அவள் திரும்பி வேலியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை, கையசைக்கவில்லை.

பழையபடி வைக்கச் சொல்லவும் இல்லை. ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு, இன்ஜினை உதைத்துக் கிளப்பி, தொடக்கக் கோட்டுக்குப் போனாள்.