இரண்டு இடக்கை வைத்த சட்டை

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம், அப்படி எழுத இன்றுதான் எனக்குத் தைரியம் வந்தது, நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். அப்பா ஏன் போனில் பேசுவதில்லை, கோபமா என்று கேட்டாயே, கோபமில்லை கண்ணு, காய்ச்சல். அது விட்ட மறுநாளே கடையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார், சொன்னால் கேட்கிற ஆளா? சாயங்காலம் பார்த்தால் பேங்க் மேனேஜர் சட்டையில் இரண்டு பக்கமும் இடக்கையைத் தைத்து வைத்திருக்கிறார். காட்டினேன், சரியாத்தானே இருக்கு என்றார். பிறகு என்னைப் பார்த்து, வாங்க, துணி கொண்டு வந்திருக்கீங்களா என்று கேட்டார். கட்டின பெண்டாட்டியையே துணி தைக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்.

உன் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, வயசானா புத்தி தடுமாறத்தான் செய்யும், கடையை யாருக்காவது கைமாத்தி விட்டுடு என்றார். போன வாரம்வரை எனக்கே கணக்குச் சொன்னவருக்கு ஒரே நாளில் வயதாகிவிடுமா? முடியாது என்று சொல்லிவிட்டு, வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு டாக்டரம்மா படத்தைக் காட்டினார், மூளையின் இரண்டு பாதியையும் சேர்க்கிற பாலத்தின் பின்கோடியில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. காய்ச்சலுக்குப் பின்னால் அபூர்வமாக வருகிற லேசான மூளை அழற்சியாம். பயப்படாதீங்கம்மா, இது வந்த மாதிரியே போயிடும், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை, ஆனாலும் கடையைத் தினமும் திறந்தேன். பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும். உன்னிடம் சொன்னால் பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று இரண்டாவது ஸ்கேன். புள்ளி போயே போய்விட்டது! அப்பா வீட்டுக்குக்கூட வராமல் நேரே கடையில் இறங்கினார். மாட்டியிருந்த அந்தச் சட்டையை எடுத்து உதறியவர், எந்த அறிவுகெட்டவன் தைச்சது இது, ரெண்டு பக்கமும் இடக்கையை வச்சிருக்கான் என்று கத்தினார். அந்த நாட்கள் எதுவுமே அவருக்கு நினைவில்லை. திட்டிக்கொண்டே சட்டைக் கையைப் பிரித்தார், நான் துணி அடுக்குவது போலத் திரும்பி நின்று அழுது தீர்த்தேன். யாரோ வெளியூர்த் தையல்காரர் கெடுத்தது, சரி செய்யக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ வரவேண்டாம், பரீட்சையை முடி. காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள், அதில் மட்டும் அப்பாவைப் போல இருக்காதே. உடம்புக்கு ஒன்றும் வராமல், தெளிந்த புத்தியோடு நெடுநாள் இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், சட்டைப் பேச்சை எடுப்பார், அந்த வெளியூர்க்காரரை நீயும் சேர்ந்து நன்றாகத் திட்டு.

உன் அம்மா