வாசலில் நின்ற சீடன்

என் பெரிய மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். விலாசத்தை உன் சிநேகிதியிடம் சண்டை போட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் இருந்தவர்கள்: உன் தம்பி, அவன் பெண்டாட்டி, கராத்தே சொல்லிக்கொடுக்கும் அவளுடைய அண்ணன், என் பேத்தி, நான். படத்தைக் கொண்டுவந்தது அந்த வாத்தியார். உலகமே கொண்டாடிய பழைய குங்ஃபூ படமாம். "அத்தை, இதப் பாக்காம இருக்கவே கூடாது" என்று என் நாற்காலியை டிவிக்கு நேரே இழுத்துப் போட்டார்.

பத்துப் பேர் ஒருத்தனை அடிக்க வருகிறார்கள். ஒருவன் அடி வாங்கி முடிக்கும்வரை மற்ற ஒன்பது பேரும் மருந்துக்கடை வரிசை மாதிரி காத்து நிற்கிறார்கள். படிக்கட்டு இருக்கும்போதே கூரைமேல் பறக்கிறார்கள். தமிழில் பேச்சு முடிந்த பிறகும் வாய் எதையோ மென்றுகொண்டே இருக்கிறது. சிரித்தேன். "சும்மா பாருங்கத்தே" என்றாள் மருமகள். என்னை அவள் அப்படி அடக்குவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை அவள் தங்கை நிச்சயதார்த்தத்தில், எல்லார் முன்னாலும்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. போக்கிடமில்லாத சீடன் குருவின் வாசலில் மூன்று நாள் மழையில் நிற்கிறான். குரு கதவைத் திறக்கவில்லை. உள்ளே தாடியை நீவிக்கொண்டு, "நிஜமாவே வேணும்னா நிப்பான்" என்கிறான். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குருன்னா இவர்தான்" என்று உன் தம்பி கை தட்டினான்.

அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. ஆறு வருஷத்துக்கு முன், புருஷன் அடி தாங்காமல் ஒற்றைப் பையோடு நீ மழையில் வந்து கதவைத் தட்டினபோது, இதே கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டே உன் அப்பா சொன்னது. "திறக்காத. நிஜமா வேணும்னா நிப்பா" என்றார். உன் தம்பி எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டினான்.

படத்தில் கதவு திறந்தது, சீடன் அங்கேயே நின்றான். நான் திறந்தபோது நீ இல்லை. உன் பை சொட்டிய ஈரம்தான் படியில் இருந்தது.

"அத்தனையும் பொய்" என்று கத்தி டிவி வயரைப் பிடுங்கினேன். என் பேத்தி மட்டும் கேட்டாள்: "அவன் நிக்காம போயிருந்தா அந்தத் தாத்தா என்ன பண்ணியிருப்பார் பாட்டி?" சாப்பாட்டை முடித்துக் கை கழுவியிருப்பார். உன் அப்பா அன்று அதைத்தான் செய்தார்.

மறுநாளே தச்சரை அழைத்து வாசல் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். திருடன் வருவான் என்று உன் தம்பி குதிக்கிறான். குதிக்கட்டும். பூட்டு இருக்கிறது, அதன் சாவி ஒன்று இந்தக் கவருக்குள் இருக்கிறது. இனி நீ தட்ட வேண்டாம். நன்றாக இரு, வந்து இரு.

உன் அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் மேல் இருக்கிற கோபம் என்றாவது ஆறலாம். உன் தம்பி மேல் இருப்பதும் ஆறலாம். அன்றைக்குக் கையில் குழம்புக் கரண்டியோடு, தாழ்ப்பாளுக்கு ஓர் அடி தள்ளி, ஒரு மணி நேரம் மரம் மாதிரி நின்றாளே ஒருத்தி, அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

இப்படிக்கு அவளே,
உன் அம்மா